மையத்திலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒருத்தர் கூட இருந்தால் குடி திரும்பாதா?

2025 செப்டம்பர் 7 – கேள்வி, திண்டுக்கல் வாசகர்

அண்ணன் மூன்றாவது முறையாக மறுவாழ்வு மையத்திலிருந்து வந்திருக்கிறார். முதல் இரண்டு முறையும் இரண்டு மாதம் தாண்டவில்லை. இப்போது ஒருவர் தன்னை 'ரெகவரி கோச்' என்கிறார். வாரம் ஒரு தடவை நேரில் சந்திப்பாராம், மற்ற நாட்களில் போனில் பேசுவாராம், மாதக் கட்டணமாம். பேசிப் பேசியே குடியை நிறுத்த முடியும் என்றால் எங்கள் அம்மா எப்போதோ நிறுத்தியிருப்பார். இது காசு பிடுங்கும் வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 7, இரவு

பேசியே நிறுத்த முடியாது, சரி. ஆனால் உங்கள் அண்ணன் மூன்று முறை நிறுத்தியவர். நிறுத்திய பிறகு வருகிற சாயங்காலத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறார். மையத்தில் நேரத்துக்கு எழுப்புவார்கள், நேரத்துக்குச் சாப்பாடு வரும். கையில் காசு கிடையாது, போன் கிடையாது, கூட்டாளிகள் கிடையாது. வீட்டுப் படி ஏறிய அன்றே காசும் போனும் கூட்டாளியும் திரும்பக் கிடைத்துவிடும். மணி அடித்து எழுப்புகிறவர் மட்டும் இருக்க மாட்டார். கோச் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

நான் கோவையில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். குடியால் வேலையையும் வீட்டையும் தொலைக்கும் நிலைக்குப் போய் மீண்டவன். அது நடந்து பல வருஷம் ஆகிறது. இப்போது மையத்திலிருந்து வெளியே வருகிறவர்களோடு ஒவ்வொருவராக உட்கார்ந்து பேசுகிறேன். காசு வாங்குவதில்லை. வாங்குவது தப்பு என்றும் நினைக்கவில்லை. அதை அப்புறம் எழுதுகிறேன்.

செப்டம்பர் 8

"அப்படி என்னதான் பேசுவீர்கள்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். குடியைப் பற்றி ரொம்பக் கொஞ்சம்தான் பேசுவோம்.

முதல் தடவை உட்காரும்போது அவருடைய ஒரு வாரத்தை மணி வாரியாகக் கேட்பேன். எத்தனை மணிக்கு எழுகிறார், வேலை எப்போது முடிகிறது, எந்த வழியாக வீட்டுக்கு வருகிறார், சம்பளம் எந்த நாள், யார் கையில் வருகிறது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் சனிக்கிழமை சம்பளம். ஆறு மணிக்கு வேலை முடியும், கையில் காசு இருக்கும், மறுநாள் லீவு, வழியில் டாஸ்மாக். வாரத்தில் மற்ற நாளெல்லாம் சமாளித்துவிட்டு, சனிக்கிழமை ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் உள்ள அந்த மூன்று மணி நேரத்தில் விழுந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் சில மாதங்கள் சனிக்கிழமைக்கென்றே தனியாகத் திட்டம் போடுவோம். சம்பளம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகட்டும், அட்டை மனைவியிடம் இருக்கட்டும். ஜிபேயில் பெரிய தொகை வைத்துக்கொள்ள வேண்டாம். கிளம்பும் முன்பே பட்டறையில் இரண்டு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட வேண்டும். பசியோடு கடை வழியாக வருகிறவருக்கு அது பசி என்று தெரியாது, குடிக்க வேண்டும் என்றுதான் தோன்றும். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களில் பசி, கோபம், தனிமை, அசதி என்ற நான்கையும் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். நான்கில் எது இருந்தாலும் முதலில் அதைக் கவனி, குடியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்பார்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு பழக்கம் பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

பவுண்டரியில் வேலை பார்க்கும் ஒருவரிடம் மாதக்கணக்கில் பெரும்பாலும் வழியைப் பற்றித்தான் பேசினேன். அவருக்கு வண்டி இருந்தது. வண்டி இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அதை விட்டுவிட்டு பஸ்ஸில் வரச் சொன்னேன். பஸ் நிற்கிற இடத்தில் கடை இல்லை. வீட்டில் சிரித்தார்கள். அவர் இன்று வரை நல்லபடியாக இருக்கிறார். வண்டியைத் திரும்ப எடுத்து ரொம்ப நாளாயிற்று.

தூக்கம் இன்னொரு பெரிய விஷயம். குடியை விட்ட பிறகு பல வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில், தூக்கம் சரியாக வராது. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, "ஒரு கட்டிங் போட்டால் தூங்கிவிடலாம்" என்று படுத்திருப்பார். இது எல்லாருக்கும் வருவது, மெல்ல அடங்கும், அடங்காவிட்டால் டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதே பாதையில் நடந்தவர் சொன்னால்தான் அந்த நேரத்தில் நம்பிக்கை வருகிறது.

அப்புறம் போன். "எப்போது தோன்றினாலும் கூப்பிடு" என்று சொல்லி விடுவதில் பயனில்லை. தோன்றும்போது யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் தினமும் ஒரே நேரத்தில், சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் கூப்பிடச் சொல்வேன். "சாப்பிட்டேன், மழை, வேலை ஓடுது" என்று ஒரு நிமிஷம் போதும். கெட்ட நாள் ஒன்று வரும். அன்றைக்குக் கை தானாக அந்த நம்பருக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற நாளெல்லாம் அந்த ஒரு நிமிஷம். குடிக்கத் தூண்டும் வேகம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணியைப் பேச்சில் கடத்திவிட்டால் அன்றைய நாள் கடந்துவிடும்.

செப்டம்பர் 8, சற்று நேரம் கழித்து

முக்கியமான ஒன்று. மேலே எழுதியதெல்லாம் உடம்பிலிருந்து குடி இறங்கிய பிறகு செய்வது. தினமும் நிறையக் குடிக்கிறவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை குழப்பம், நடுக்கம், இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் வரலாம். உயிரே போகலாம். அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும், மருந்து வேண்டும், வைட்டமின் பி1 வேண்டும். 2020 மார்ச் ஊரடங்கில் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது எத்தனையோ வீடுகள் இதைக் கண்ணால் பார்த்தன. எந்த கோச்சும் இதைக் கையில் எடுக்கக் கூடாது. நானும் எடுப்பதில்லை.

செப்டம்பர் 10

அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன்.

அம்மா பேசும்போது அவருடைய பயம் சேர்ந்து பேசும். மனைவி பேசும்போது பட்ட அவமானம் சேர்ந்து பேசும். அதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் "இன்னைக்கு குடிக்கணும் போல இருந்துச்சு" என்ற ஒரு வாக்கியத்தை அவர்களிடம் சொல்ல முடியாது. சொன்னால் வீடே பதறும், அழுகை வரும், பழைய கணக்கெல்லாம் எடுக்கப்படும். அதற்குப் பயந்து மறைப்பார். மீண்டு வருகிறவர் ஒன்றை மறைக்கத் தொடங்கினால் அடுத்தது பாட்டில்தான். கூட உட்காருகிறவரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லலாம். அவர் பதறாமல், "எத்தனை மணிக்கு? எங்கே இருந்தீங்க? சாப்பிட்டிருந்தீங்களா?" என்று கேட்பார்.

இதோடு சேர்த்து ஒரு வேண்டுகோள். தயவுசெய்து குழந்தை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்காதீர்கள். நிறுத்துவதற்கு அது உதவியதை நான் அதிகம் பார்த்ததில்லை. தவறிக் குடித்துவிட்ட அன்று, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் இன்னும் குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அது தன் சத்தியம் பண்ணிய வேலை என்று நம்பி வீட்டுக்கே வராமல் இருந்தார்.

செப்டம்பர் 13

"ஏஏ இலவசமாக இருக்கும்போது கோச் எதற்கு?" நல்ல கேள்வி. என்னை மீட்டதும் ஏஏதான். அதன் தொடக்கமே இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து பேசியதுதான். 1935 மே மாதம், பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் வேலையாக அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போகிறார். குடியை விட்டு சில மாதங்கள்தான் ஆகியிருக்கிறது. போன காரியம் தோல்வி. ஹோட்டல் முன்கூடத்தில் நிற்கிறார், ஒரு பக்கம் பாரிலிருந்து பேச்சுச் சத்தம். தான் குடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. அங்கிருந்த டெலிபோனில் ஊர் தேவாலயங்களுக்குப் போன் போட்டு விசாரித்து, கடைசியில் பாப் ஸ்மித் என்ற டாக்டரைச் சந்திக்கிறார். கால் மணி நேரம் தருகிறேன் என்று வந்த டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

இதில் என்னை இன்றும் யோசிக்க வைப்பது, அன்று உதவி தேவைப்பட்டவர் போன் செய்தவர்தான் என்பது. அவர் யாருக்கும் அறிவுரை சொல்லப் போகவில்லை.

ஏஏவில் ஸ்பான்சர் உண்டு. குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளை நம்மோடு சேர்ந்து நடப்பவர் அவர். கோச் அதில் இறங்க வேண்டியதில்லை. சம்பள நாள், கடன், வேலைக்கான இன்டர்வியூ, விட்டுப்போன மாத்திரை என்று அன்றாடத்தைப் பார்ப்பவர். இரண்டும் ஒருவருக்கு இருந்தால் நல்லது. என்ன சிக்கல் என்றால், கோவை, சென்னை மாதிரி ஊர்களில் கூட்டத்துக்குப் போக வழி இருக்கும். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கிறவர் இரவு எட்டு மணிக் கூட்டத்துக்கு எப்படிப் போவார், கடைசி பஸ்ஸுக்கு எப்படித் திரும்புவார்? கூட்டம் கிடைத்தால் கட்டாயம் போகச் சொல்லுங்கள். 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு ஏஏ வழியும் அதில் சேர்த்துவிடும் சிகிச்சையும் மற்ற மனநல சிகிச்சைகளைவிட நன்றாகவே உதவுகின்றன என்று முடிவு சொன்னது. ஒரு காலத்தில் பல டாக்டர்கள் ஏஏவைப் பஜனை மடம் என்று ஒதுக்கினார்கள். இப்போது அப்படி ஒதுக்க முடியாது.

செப்டம்பர் 14

"அனுபவக் கதை போதும், ஆதாரம் உண்டா?" என்று சேலத்திலிருந்து ஒருவர். உண்டு.

கோவா மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடந்தது. டாக்டரோ உளவியல் படித்தவரோ அல்லாத, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கேடான அளவு குடிக்கிற ஆண்களோடு அவர்கள் தனித்தனியாக உட்கார்ந்தார்கள், அதிகபட்சம் நான்கு முறை. 377 பேர் பங்கெடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், ஆலோசனை கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர் அந்த நிலையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். கிடைக்காதவர்களில் 26 சதவீதம். ஒரு வருஷம் கழித்தும் வித்தியாசம் நின்றது. அந்த மூன்று மாத முடிவு 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இதை வைத்து ரொம்பத் துள்ளக் கூடாது. அவர்கள் முற்றிய குடிநோயாளிகள் இல்லை, கை நடுங்கும் நிலைக்குப் போகாதவர்கள். ஆனால் நம்மைப் போன்ற ஒரு நாட்டில், பட்டம் இல்லாத உள்ளூர் ஆள் எதிரில் உட்கார்ந்து பேசுவதில் பலன் இருக்கிறது என்பதற்கு இது போதும்.

எவ்வளவு காலம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சிகாகோவில் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எட்டு வருஷம் பின்தொடர்ந்தார்கள். விட்டு ஒரு வருஷம் ஆகாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் அடுத்த வருஷமும் தாக்குப்பிடித்தார். ஒன்றிலிருந்து மூன்று வருஷம் ஆனவர்களில் மூன்றில் இரண்டு பேர். ஐந்து வருஷம் தாண்டியவர்களில் 86 சதவீதம். ஒரு மாத சிகிச்சை முடித்து வீட்டுக்கு அனுப்பி, "இனி உன் பொறுப்பு" என்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இதைப் படித்தபோது தோன்றியது. சர்க்கரை நோயாளியிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா?

அந்த ஒரு மாத சிகிச்சையாவது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்த்தவர் 180 பேருக்கு ஒருவர். தமிழ்நாட்டில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி மையம், டி.டி.கே. மருத்துவமனை என்றால் பலருக்கும் தெரியும், குடிப்பவரோடு குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை தருகிறது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டும் பார்த்தார்கள். ஊருக்குள் செய்வதில் ஒரு பெரிய லாபம்: சிகிச்சை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ள அங்கேயே தெரிந்த முகங்கள் இருக்கும்.

செப்டம்பர் 20

கட்டணம்.

ஒருவர் தன் நேரத்தைக் கொடுத்து, பெட்ரோல் போட்டு வந்து, இரவிலும் போன் எடுக்கிறார் என்றால் காசு கேட்பதில் தவறில்லை. ஆனால் நம் நாட்டில் கோச் என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. யாரும் மாட்டலாம். அதனால் காசு கொடுக்கும் முன் கேளுங்கள். அவர் எந்த டாக்டரோடு தொடர்பில் இருக்கிறார்? உங்கள் அண்ணன் தவறிக் குடித்துவிட்டால் அன்று என்ன செய்வார்? அண்ணன் தன்னிடம் சொன்னதை வீட்டில் யாரிடம் சொல்வார், யாரிடம் சொல்ல மாட்டார் என்று அண்ணனிடம் முன்கூட்டியே பேசியிருக்கிறாரா? "நூறு சதவீதம் கியாரண்டி" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும் அப்படியே. ஆறு மாதப் பணத்தை முன்பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், மாதாமாதம் என்று சொல்லுங்கள். அவர் உங்கள் அண்ணனுக்குக் கடன் கொடுக்கவும் கூடாது, அவரிடமிருந்து வாங்கவும் கூடாது. நான் இதில் கண்டிப்பு. டீக்குக்கூட அவரவர் காசு.

மையங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முதலில் சேர்க்கப்பட்ட இடம் மையம் என்ற பெயரில் நடந்த ஒரு பூட்டிய வீடு. இரவில் ஆள் வைத்துத் தூக்கிப் போனார்கள். அடித்தார்கள். டாக்டர் வந்து பார்த்ததாக நினைவில்லை. வெளியே வந்ததும் குடும்பத்தின் மேல் இருந்த ஆத்திரத்தில் குடித்தேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனநலச் சிக்கல்களும் அடக்கம். இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்ளே இருப்பவரைப் பார்க்கவே விடமாட்டோம் என்றால் அங்கே சேர்க்காதீர்கள்.

செப்டம்பர் 29

நாளை மறுநாள் ஆயுத பூஜை. பட்டறைக்காரர்கள் வீட்டில் இருந்தால் இதைப் படியுங்கள்.

மெஷினுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, போனஸும் கையில் கொடுப்பார்கள். மறுநாள் அக்டோபர் 2, கடை கிடையாது. அதனால் முதல் நாளே இரண்டு நாளைக்குச் சேர்த்து வாங்கி வைப்பார்கள். பூஜை முடிந்ததும் பட்டறைக்குள்ளேயே கச்சேரி. "ஒரு நாள்தானேப்பா" என்ற குரல் வருவது முதலாளியிடமிருந்தாகவும் இருக்கும். நான் கூட உட்காருகிறவர்களிடம் சொல்வது இதுதான்: பூஜைக்குப் போங்கள், தேங்காய் உடைக்கும் வரை நில்லுங்கள், பொரியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். என்ன காரணம் சொல்லிக் கிளம்புவது என்பதை இன்றே முடிவு செய்து வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். "மாத்திரை சாப்பிடுறேன், ஒத்துக்காது" என்று சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அக்டோபர் 4

ஒரு தங்கை தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். கணவர் நன்றாக இருந்து, ஆயுத பூஜை அன்று குடித்துவிட்டார். "எல்லாம் போச்சு" என்கிறார்.

போகவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதைத்தான் ரொம்பக் காலம் ஆராய்ந்தார். தவறிக் குடித்த ஒரு கிளாஸைவிட, "நான் தோற்றுவிட்டேன், இனி என்ன இருக்கிறது" என்று அதன் பிறகு வருகிற எண்ணம்தான் ஆளை முழுசாகப் பழைய இடத்துக்கு இழுத்துப் போகிறது என்று காட்டினார். முதல் கிளாஸுக்கும் முழுச் சரிவுக்கும் நடுவில் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் இடைவெளி கிடைக்கும். கூட இருப்பவருக்கு இதைவிட முக்கியமான நேரம் கிடையாது. அன்று நான் போய்த் திட்டுவதில்லை, ஆறுதலும் சொல்வதில்லை. சாப்பிட வைப்பேன், தூங்க வைப்பேன். மறுநாள் காலையில் இரண்டு பேரும் உட்கார்ந்து முந்தின நாளைப் பின்னாலிருந்து எடுப்போம். குடித்தது ஏழு மணிக்கு. ஆறரைக்கு யாரோடு இருந்தார்? மூன்று மணிக்கு என்ன நடந்தது? முந்தைய வாரம் எனக்குப் போன் செய்வதை எப்போது நிறுத்தினார்? பெரும்பாலும் சரிவு பாட்டிலுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கியிருக்கும்.

தங்கைக்கு: அவர் பழையபடி நிறையக் குடிக்கத் தொடங்கியிருந்தால் மேலே செப்டம்பர் 8-ல் எழுதிய எச்சரிக்கை திரும்பப் பொருந்தும். டாக்டரிடம் போங்கள்.

அக்டோபர் 5

"அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு பொடி விற்கிறார்கள், வாங்கலாமா?" வேண்டவே வேண்டாம்.

அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்பிராம் மாத்திரை கலந்திருந்தால், தெரியாமல் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இதயக் கோளாறு உள்ளவர் செத்தே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த வினை வரலாம். அதே மாத்திரை, விஷயம் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்கிறவருக்கு நல்ல துணை. குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவையும் இருக்கின்றன. எதைக் கொடுப்பது என்பதை மனநல மருத்துவர் சொல்லட்டும். ஏமாற்றிக் கொடுத்த மருந்து தெரிய வந்த பிறகு அந்த வீட்டில் அவர் ஒரு வாய் சாதம் நம்பிச் சாப்பிட மாட்டார்.

அக்டோபர் 12

செப்டம்பர் 10-ல் அம்மாவால், மனைவியால் முடியாதது பற்றி எழுதினேன். அதைப் படித்த ஒரு அக்கா, "அப்ப நாங்க எங்கே போய்ப் பேசறது?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி இந்த இழையில் முன்பே வந்திருக்க வேண்டும்.

பல வருஷம் பாக்கெட்டைச் சோதித்து, வாயை முகர்ந்து, கடன்காரனுக்குப் பதில் சொல்லி வாழ்ந்தவருக்கு, குடித்தவர் குடியை விட்டதும் எல்லாம் சரியாகிவிடாது. சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால் வயிறு பிசையும். வீட்டு ஆட்களுக்குத் தனியாக அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. அது இல்லாத ஊரில், குடித்த கணவரோடு வாழ்ந்து அதைத் தாண்டி வந்த இன்னொரு பெண்ணைத் தேடுங்கள். ஒருவருக்கு ஒருவர் என்பது அவர்களுக்கும் வேண்டும். அவர் கணவரோடு பேசுகிற நானே மனைவிக்கும் ஆறுதல் சொல்லப் போனால் இரண்டு பக்கமும் நம்பிக்கை போய்விடும், அதனால் நான் செய்வதில்லை.

குடிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். நம் ஊரில் அவர்கள் வாயே திறக்க முடியாது. அவர்களோடு உட்கார பெண்கள்தான் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் போதவே போதாது.

அக்டோபர் 23

தீபாவளி தாண்டியது. நான் பயந்ததைவிட நன்றாகவே போயிற்று, ஏனென்றால் தீபாவளி வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும், திட்டம் போட முடியும். சாவு சொல்லிக்கொண்டு வராது.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சாவு வீட்டில் குடி ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பாடை கட்டுகிறவருக்கு, குழி வெட்டுகிறவருக்கு, இரவு முழுக்க விழித்திருக்கும் பங்காளிகளுக்கு எல்லாம் வாங்கி வைப்பார்கள். துக்கம், தூக்கமின்மை, பட்டினி, பழைய ஆட்கள் எல்லாம் ஒரே இடத்தில். குடிக்காமல் நின்றால், "பெரியப்பாவுக்காக ஒரு வாய் குடிக்க மாட்டியா" என்பார்கள். நன்றாக இருந்த இரண்டு பேரை நான் சாவு வீட்டில் இழந்திருக்கிறேன். அதனால் எப்போதோ வரப்போகும் சாவுக்கும் இப்போதே திட்டம் போடச் சொல்வேன். தனியாகப் போகக் கூடாது. மாலை போட்டு, காடு வரை போய், குளித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இரவு தங்கக் கூடாது. கொள்ளி வைக்க வேண்டிய மகன் என்றால் தங்கித்தான் ஆக வேண்டும். அப்போது நான் போய்க் கூட உட்கார்ந்துவிடுவேன்.

நவம்பர் 17

இன்று கார்த்திகை ஒன்று. காலையில் கோயிலில் மாலை போட்டுக்கொண்டு நின்றவர்களில் நான் அறிந்த குடிகாரர்கள் சிலர் இருந்தார்கள். மண்டலம் முடியும் வரை ஒரு சொட்டு தொட மாட்டார்கள். மலை இறங்கி மாலை கழற்றியதும் சிலர் நேராகக் கடைக்குப் போவார்கள். ஊரில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். எனக்குக் கேலி வரவில்லை.

அத்தனை நாள் எப்படி முடிந்தது? விடியற்காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளியல், இரண்டு வேளை பூஜை, உடுத்துவதில் சாப்பிடுவதில் ஒழுங்கு, சாயங்காலம் பஜனைக்குப் போக ஓர் இடம். தெருவில் எல்லாரும் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள், மனைவி உட்பட. தப்பு நடந்தால் போய்ச் சொல்ல குருசாமி ஒருவர் இருக்கிறார், அவர் தானும் பல வருஷம் மலைக்குப் போனவர். மாலை கழற்றிய மறுநாள் இவ்வளவும் ஒன்றாகப் போய்விடுகிறது. யாரும் "சாமி" என்று கூப்பிடுவதில்லை, குருசாமி அடுத்த வருஷம்தான் வருவார். மையத்திலிருந்து வீட்டுக்கு வருகிறவருக்கு நடப்பதும் இதேதான். மாலை போட்டிருக்கிற இந்த நாட்களிலேயே, மலைக்குப் போய் வந்த பிறகு யாரிடம் போவது என்று பேசி வையுங்கள். கழற்றிய அன்று சாயங்காலம் அவரோடு யார் இருப்பார் என்று இன்றே முடிவு பண்ணுங்கள். பக்தி உள்ளவர் என்றால் அந்தக் குருசாமியையே கேளுங்கள், பலர் சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறார்கள்.

நவம்பர் 23

"இதை எப்போது நிறுத்துவது? வாழ்நாள் முழுக்க ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பதா?" என்று சேலத்துக்காரர் மறுபடி கேட்டிருக்கிறார்.

முதல் மூன்று மாதம் தினமும் போன், வாரம் ஒரு தடவை நேரில். அது நிலைத்த பிறகு போன் வாரத்துக்கு மூன்று, அப்புறம் ஒன்று. ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், ஒரு ஊர்த்திருவிழா, சம்பள உயர்வு, சண்டை என்று ஒரு வருஷச் சுற்று முழுசாகப் பார்த்தபின்தான் மாதம் ஒரு சந்திப்பு என்று குறைப்பேன். அதற்குள் ஏஏவோ, கோயிலோ, கபடிக் குழுவோ, தன்னை எதிர்பார்க்கிற இடம் ஒன்று அவருக்கு அமைந்திருக்க வேண்டும். என்னைத் தவிர யாருமே இல்லை என்றால் நான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். சிலர் ஆறாவது மாதமே, "அண்ணா, நானும் நாலு பேரைத் திருத்தறேன்" என்பார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன். அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு இரவு தூங்க முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

குறைக்கத் தொடங்கும்போது ஒரு தாளில் எழுதி வைப்போம். அவருக்குச் சரிவு தொடங்குவதன் அடையாளங்கள் எவை என்று அவர் வார்த்தையிலேயே: ஷேவ் செய்யாமல் இருப்பது, மாத்திரையைத் தள்ளிப்போடுவது, போன் எடுக்காமல் விடுவது, பழைய கூட்டாளியின் நம்பரைத் தேடுவது. அதற்குக் கீழே கூப்பிட வேண்டிய மூன்று பேர், டாக்டர் பெயர், எந்த ஆஸ்பத்திரி. ஒரு நகல் அவரிடம், ஒன்று வீட்டில் அவர் நம்புகிற ஒருவரிடம், ஒன்று என்னிடம். அடியில் இந்த எண்களும் இருக்கும்: போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, தமிழக அரசின் 104. இரவில் யாரும் கிடைக்காமல், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் டெலி மானஸ் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.